பூனை வைத்த பெட்டிகள்

பார்சல் கிடங்கில் எல்லாரும் அவனைப் பூனை என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியைத் தரையில் வைத்தால் சத்தமே வராது; பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். லாரியின் பின்கதவில் நின்று பெட்டியை நெஞ்சோடு அணைத்து வாங்குவான். முதுகைப் பலகை மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி, ஒரு விளிம்பை முதலில் தரையில் ஊன்றுவான். பிறகு மறு விளிம்பை மெல்ல இறக்குவான். கீழ்வீட்டில் யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்று பயப்படுகிறவனைப் போல இருக்கும் பார்க்க.

பக்கத்து வாசலில் சரக்கு இறக்கியவன் பெயர் இடி. அதற்கு விளக்கமே வேண்டாம். அவன் இறக்கினால் கிடங்கின் மறுகோடியில் டீ குடிப்பவர்கள் கோப்பையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். இருவரும் பல வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து வாசல். மதியத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு அதிகம் கிடையாது. ஒருவன் தண்ணீர்ப் பாட்டிலை மற்றவன் கேட்காமலே நகர்த்திவைப்பான்.

பூனை மெதுவாக வைப்பதற்குப் பொறுமை காரணமில்லை, நல்ல குணமும் காரணமில்லை. முதுகுதான் காரணம். வீடு மாறும்போது பீரோவை மாடிப்படியில் ஏற்றியவன், நடுப்படியில் ஏதோ சொடுக்கியது போல உணர்ந்தான். அதோடு சரி. எலும்புக்கு நடுவிலிருக்கும் தட்டு நகர்ந்திருக்கிறது, இனிமேல் கனம் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு மறுவாரமே கிடங்குக்குப் போய்விட்டான். சுமை தூக்குகிறவனைக் கனம் தூக்காதே என்றால் அவன் வேறு எதைத்தான் தூக்குவான்?

சட்டென்று குனிந்தால் உயிர் போகும். அதனால் குனியாமல் வைக்க ஒரு வழியை அவன் உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் அதைப் பக்குவம் என்று நினைத்தார்கள். அவனும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

விஷயம் தெரிந்தது அவன் மனைவிக்கு மட்டும். அவள் மெத்தைக் கடையில் தையல் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் பிறர் தூங்க மெத்தை தைப்பாள். வீட்டில் அவள் புருஷன் வெறுந்தரையில் போர்வையை விரித்துப் படுப்பான்.

"மெத்தைக்காரி புருஷன் தரையில படுக்கறான்னு வெளிய தெரிஞ்சா எங்க கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே காலையில் அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவாள். ஷூவின் கயிற்றையும் அவளே கட்டுவாள். "அண்ணன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"உங்கண்ணன்கிட்டயா? ஊரையே கூட்டிடுவாரு."

அண்ணன் என்றால் கிடங்கின் மேற்பார்வையாளர். தங்கையின் புருஷன் என்று இவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். "என் மாப்பிள்ளை உடம்பு இரும்பு" என்று மேனேஜரிடம் சொல்லித்தான் சேர்த்தார். உடம்பு சரியில்லாதவர்களை அந்தக் கம்பெனி கைகூப்பி வழியனுப்பிவிடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பூனை வாயைத் திறக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் கிடங்குக்கு ஸ்டிக்கர் வந்தது.

கண்ணாடிச் சாமான் உடைந்து போகிறது, பெட்டியை வழியில் யாரோ பிரிக்கிறார்கள் என்று மேனேஜருக்குப் புகார் வந்துகொண்டே இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்று ஒன்று செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாங்கிப் பார்க்க முடிவு செய்தார். செய்த பெண்ணே நேரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சரக்கு இறக்கும் பிளாட்பாரத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, நகத்தளவு ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். தெளிந்த பிளாஸ்டிக்குக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கல் தெரிந்தது.

"பெரோவ்ஸ்கைட்னு ஒரு வகைப் படிகம் இது. அரைக்கடத்தி. நாங்களே கரைசல்ல வளர்க்கிறோம். உப்புத்தண்ணி வத்தினா ஓரத்துல பொடிப்பொடியா கட்டுமே, அந்த மாதிரிதான். ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தினா உள்ள கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். வெளிச்சம் பட்டாலும் பிறக்கும்."

"அதனால?" என்றான் இடி.

"பெட்டிக்கு உள்ள, அடிமூலையில ஒண்ணு ஒட்டுவோம், எதிர்மூலையில ஒண்ணு. யாராவது பெட்டியப் போட்டா அடி தெரியும். வழியில பிரிச்சா உள்ள வெளிச்சம் பட்டது தெரியும். ரெண்டுக்கும் ஒரே கல்லு போதும்."

"பேரே வாயில நுழையல. ஆனா எங்கள வேவு பாக்குதுன்னு மட்டும் புரியுது."

"உங்கள இல்லங்க. பெட்டியத்தான் பாக்குது."

"பெட்டி தானா விழாதுங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் சிரித்த முகம் கொஞ்சம் யோசனையில் நின்றதைப் பூனை கவனித்தான். அன்றே அவளுக்குக் கல்லுப்பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஸ்டிக்கர் சொன்னதெல்லாம் மேனேஜர் அறையின் திரையில் கோடாக வந்தது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கோடு. அடி விழுந்தால் கோடு எகிறும். இடியின் கோடு மலைத்தொடர் மாதிரி இருந்தது. பூனையின் கோடு தூங்கிக்கொண்டிருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று மேனேஜர் முதலில் சந்தேகப்பட்டார். வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தார். அதுவும் தூங்கியது.

அதன் பிறகு பூனையைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறைதான். நுழைவாசலில் அவன் படத்தை மாட்டினார்கள். மச்சானுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எதிரே வந்தவர்களிடமெல்லாம், "யாரு சேர்த்துவிட்ட ஆளு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். "அவரால முடியுது, உங்களால ஏன் முடியல?" என்ற ஒரே கேள்விதான். சிலருக்கு எச்சரிக்கை எழுத்திலேயே வந்தது. இடிக்கும் வந்தது.

முதலில் பூனையைக் கண்டால் மியாவ் என்று கத்தினார்கள். அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சில நாளில் கத்துவதும் நின்றது. அதுதான் பயமாக இருந்தது. அவன் டீ அறைக்குள் போனால் பேச்சு அறுந்துவிடும். ஒரு மதியம் பலகையில் போய் உட்கார்ந்தபோது, இடி தன் சாப்பாட்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் நின்றபடியே சாப்பிட்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது பூனைக்கு.

வீட்டில் மனைவியிடம் சொன்னான்.

"ஒரு பெட்டியக் கீழ போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவள். "கோடு ஏறட்டும். எல்லாரும் சமமாயிடுவீங்க."

அவனுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் எதைப் போடுவது என்று காலை முழுக்கத் தேடினான். கண்ணாடி என்று எழுதியிருந்ததைப் போட மனசு ஒப்பவில்லை. புத்தகப் பெட்டியைப் போட்டால் அட்டை மடங்கும். கடைசியில் பெரிதாகவும் லேசாகவும் இருந்த ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டான். உள்ளே தலையணைகள். பொத்தென்றுகூட இல்லாமல் விழுந்தது. சட்டென்று கையை விட்டதில் அவன் முதுகுதான் சுளீரென்று இழுத்தது. அன்றும் கோடு தூங்கியது.

அந்த வாரம் கல்லுப்பொண்ணு மறுபடியும் வந்தாள். அவளுக்கு வேறொரு தலைவலி. மாலை வெயில் நேராக விழும் வாசல்களில் மட்டும் கோடு காரணமில்லாமல் எகிறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தொடாமல் வெயிலில் வைத்தே பார்த்தாள். அப்போதும் ஏறியது.

"சூடு ஏறினாலும் இந்தக் கல்லு மின்சாரம் விடும்" என்று மேனேஜரிடம் சொன்னாள். "அதைத் தனியாப் பிரிக்க இன்னும் நாங்க சரியா கத்துக்கல. எச்சரிக்கை வாங்கின அந்த வாசல்காரர் மேல வந்த கணக்குல பாதி வெயிலோட வேலை சார்."

"பாதிதானே" என்றார் மேனேஜர். "மீதிப் பாதி?"

அந்த வாசல் இடியுடையது; பக்கத்திலிருந்த பூனையின் வாசல் அந்நேரம் சுவர் நிழலில் இருக்கும். மேனேஜர் எச்சரிக்கையைத் திரும்பப் பெறவில்லை. அவள் முகம் சுண்டிப்போய் வெளியே வந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான கோடு வேண்டும் என்று பூனையின் வாசலில் ஒரு காலிப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கணினி. காலையிலிருந்து வேலை முடியும்வரை நகரவில்லை. அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வியர்த்தது.

லாரி போனதும் அருகில் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?"

"இல்லையே மேடம். ஏன்?"

"ரெண்டு மூலையிலயும் ஸ்டிக்கர் இருக்கில்ல. உங்க பெட்டி எப்பவும் ஒரு மூலைல முதல்ல தொடுது, அப்புறம்தான் மத்தது. காலைல ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கம்மி. நேரம் ஆக ஆக அது நீண்டுகிட்டே போகுது. ஜாக்கிரதையா வைக்கிறவர் ஒரே மாதிரிதான் வைப்பார். இது வேற என்னவோன்னு தோணிச்சு."

அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். பொய் சொல்லத் தெம்பில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அவள் கணினியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மருந்துக் குப்பி உடையாமப் போய்ச் சேரணும்னுதான் நான் இதை ஆரம்பிச்சேன்" என்றாள், யாரிடமோ வாதாடுவது போல. பிறகு போய்விட்டாள்.

சொல்லிவிடலாம் என்று அவன் மனசைத் திடப்படுத்திக்கொண்டிருந்த நேரம், தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வரப்போவதாகச் சேதி வந்தது. ஸ்டிக்கரை எல்லாக் கிளைகளிலும் போடலாமா என்று பார்க்க வருகிறார்கள். பூனைதான் அவர்கள் முன்னால் பெட்டி இறக்கிக் காட்ட வேண்டும்.

"நம்ம மானம் உங்க கையிலதான் இருக்கு மாப்ள" என்றார் மச்சான். புதுச் சட்டை வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்.

"மச்சான், ஒரு விஷயம் சொல்லணும்."

"எல்லாம் முடியட்டும், சாவகாசமா பேசுவோம்."

அன்று பிளாட்பாரத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், வேலைக்காரர்கள் மறுபக்கம், திரையோடு மேனேஜர் நடுவில். கல்லுப்பொண்ணு ஓரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு பெட்டிகள் சத்தமில்லாமல் இறங்கின. மேனேஜர் ஆர்வத்தில், "அந்தப் பெரிசையும் காட்டுங்க" என்றார். அது ஏதோ இயந்திரத்தின் உதிரி. வழக்கமாக இருவர் சேர்ந்து தூக்குவது.

பூனை தூக்கிவிட்டான். முழங்காலை மடக்கி இறங்கினான். ஒரு விளிம்பு தரையைத் தொட்டது. மறு விளிம்பை இறக்கப் போனபோது இடுப்புக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டது போலிருந்தது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. பெட்டி சாய்ந்தபடி அவன் கையில் நின்றது.

அதுவும் செய்முறையில் ஒரு பகுதி என்று நினைத்துக் கோட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். தட்டி முடித்தும் அவன் அப்படியே இருந்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை பெட்டியின் மேல் சொட்டியது.

மச்சான் ஓடிவந்து தோளைப் பிடித்தார். "தொடாதீங்க மச்சான்" என்றான் பூனை, உதடு அசையாமல்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவன் இடி. பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிப் பக்கத்தில் எறிந்தான். மேனேஜரின் திரையில் கோடு கூரையைத் தொட்டிருக்கும், யாரும் பார்க்கவில்லை.

"எங்கடா பிடிச்சிருக்கு?"

"இடுப்பு."

"மூச்சை விடு. மெதுவா விடு."

சரக்குத் தள்ளுவண்டியில் பக்கவாட்டில் படுக்கவைத்து வாசலுக்கு உருட்டிப் போனார்கள். வாசற்படிக் குழியில் சக்கரம் இறங்கி ஏறியபோது, அதுவரை யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியிராத பூனை, இடியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். "திட்டு, நல்லாத் திட்டு" என்று சொல்லிக்கொண்டே இடி தள்ளினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபின் வலி கொஞ்சம் அடங்கியது. மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். இடி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா இது?"

"வருஷக் கணக்காச்சு."

இடி தலையை ஆட்டினான். பிறகு தன் வலது கையை மேலே தூக்கிக் காட்டினான். "பாரு, தூக்கும்போது ஒண்ணும் இல்ல." கையைப் பாதி இறக்கினான்; அவன் முகம் கோணியது. "இங்கதான். இறக்கும்போது தோள்ல கத்தி வச்ச மாதிரி இருக்கும். அதனாலதான் பாதியில விட்டுடறேன். திமிர்ல போடறேன்னு நெனச்சியா?"

பூனை அவனையே பார்த்தான். "ஏன்டா சொல்லல?"

"நீ சொன்னியா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பூனைக்கு முதுகு குத்தியது. நிறுத்து என்று சைகை காட்டிக்கொண்டே அவன்தான் நிறுத்தாமல் சிரித்தான்.

சாயங்காலம் மச்சான் வந்தார். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றார், உட்காரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாப்ள."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மச்சான் பொய் சொல்லத் தெரியாதவர். "வெளிய சொல்லாதீங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். சொன்னதும் அவர் கண் கலங்கியது. கொண்டுவந்த பழத்தைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, தூசியைத் துடைப்பதுபோல் கட்டிலின் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார்.

வேலை போய்விட்டது. கம்பெனி நல்லவிதமாகவே வழியனுப்பியது. படத்தையும் இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் நடந்தது பெரியவர்கள் கண்ணெதிரே நடந்ததால் பூசி மெழுக முடியவில்லை. சுமை இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் பரிசோதனை வைத்தார்கள். முதுகு, முட்டி, மணிக்கட்டு என்று மறைத்துவைத்தவர்கள் பாதிப் பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரையும் அனுப்பினால் கிடங்கை யார் நடத்துவது? உயர்த்தித் தாழ்த்துகிற மேசைகள் வாசலுக்கு ஒன்றாக வந்தன. ஸ்டிக்கர் ஒட்டுவது மருந்துப் பெட்டிகளோடு நின்றது. இடிக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் வந்து, பூனையின் வீட்டுத் தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, மச்சானைப் போல நடித்துக் காட்டிவிட்டுப் போவான்.

பூனை எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு கல்லுப்பொண்ணு தேடிக்கொண்டு வந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டிக்கர்களைச் சோதிக்க ஒரு ஆள் தேவை. கனம் கிடையாது. சிறு பெட்டிகளை மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட வேண்டும். விளக்கின் கீழும், சூட்டுப் பெட்டிக்குள்ளும் வைத்து எடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைதான் நீட்டிப்பார்கள், நிரந்தரம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"பாவம் பார்த்துக் குடுக்கற வேலையா?" என்று கேட்டான் அவன்.

"பாதி அப்படித்தான் அண்ணா" என்றாள் அவள். "மீதி, நிஜமாவே ஆள் இல்ல. சூட்டையும் அடியையும் பிரிக்கத் தெரியாமத்தானே அன்னிக்கு அவ்வளவு நடந்துச்சு. அதை முடிக்காம எனக்குத் தூக்கம் வராது."

அவன் மனைவி உடனே சம்மதிக்கவில்லை. நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றாள். வந்தவள் கருவிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அவன் உட்காரப்போகும் நாற்காலியிடம் போய், கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். "இது ஆகாது, உள்ள அடைச்சது கட்டிதட்டிப் போயிருக்கு" என்றாள். மறுவாரம் தானே ஒரு திண்டு தைத்துக் கொண்டுவந்து போட்டாள்.

முதல் நாள் அவனால் பெட்டியை விட முடியவில்லை. விளிம்புவரை தள்ளுவான், விழும் நேரத்தில் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். "விடுங்க அண்ணா, உடைஞ்சாத்தான் நமக்கு வேலை" என்று அவள் சொல்லிச் சொல்லி, மூன்றாம் நாள் ஒன்று விழுந்தது. அதன் பிறகு பழகிவிட்டது. சில நாள் வேண்டுமென்றே இரண்டை ஒன்றாகத் தள்ளிவிட்டு, சத்தத்தை ரசித்துக்கொண்டு நிற்பான்.

கல் வளர்வதையும் அங்கேதான் பார்த்தான். வெதுவெதுப்பான கரைசலில், குப்பியின் அடியில் புள்ளியாகத் தொடங்கி, பக்கங்கள் தீட்டினாற்போல் சதுரமாக வளரும். எந்தக் குப்பியில் எது பெருத்திருக்கிறது என்று காலையில் வந்ததும் எட்டிப் பார்ப்பான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் உள்ளே நுழைந்தபோது கல்லுப்பொண்ணு விளக்கைக்கூடப் போடாமல் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்லை மூடும் பிளாஸ்டிக் உறையை ஒட்டியதில் குறை. காற்றிலிருந்த ஈரம் உள்ளே புகுந்து, ஒரு தட்டு நிறையக் கற்களின் நிறம் வெளுத்து, மேற்பரப்பு மாவு பூசியது போலாகியிருந்தது. இந்தக் கல்லுக்குத் தண்ணீர்தான் எமன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பல மாத உழைப்பு.

அவன் டீ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தான். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"மறுபடி வளருமில்ல?"

"வளரும். நாளாகும்."

"ஒட்டுற இடத்துல கை வைக்கணும் போல."

"ஆமா. அங்கதான் விட்டுட்டேன்."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள். வெளுத்த கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடவே மாலையாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸை அவன் தவறவிட்டான். மனைவிக்கு ஃபோன் செய்து, அடுத்த பஸ்ஸில் வருகிறேன், இடி வந்திருந்தால் சாப்பிடச் சொல்லு என்றான்.